முன்னேறவில்லை என்று நிரூபித்த கதை

பட்டம் வாங்கியவன் எவனும் அதனால் தனக்கு ஏதோ நன்மை விளைந்தது என்று ஊருக்குக் காட்டத்தான் பாடுபடுவான். விளையாவிட்டாலும் காட்டுவான். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்ப்பான், சொந்தக்காரர்கள் வந்தால் கொஞ்சம் மெதுவாகப் பேசுவான். எனக்கு மட்டும் வேறு மாதிரி அமைந்துவிட்டது. கண் எரிய எரியப் படித்த எம்.பி.ஏ.வால் நான் எள்ளளவும் முன்னேறவில்லை என்று அமெரிக்க அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டி வந்தது. நிரூபித்தேன். அதுவும் மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

2005ஆம் ஆண்டு. நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் ஒரு வாடகை அப்பார்ட்மெண்ட்டில் நானும் மனைவி சுமதியும் எங்கள் மகளும் இருந்தோம். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. இன்ஷூரன்ஸ் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று புரோகிராம் எழுதுகிறவர்களிடம் சொல்ல வேண்டும். அது ஏன் முடியாது என்று புரோகிராம் எழுதுகிறவர்கள் சொல்வதை இன்ஷூரன்ஸ் ஆட்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது சம்பளத்திலேயே அடங்கும். இந்த வேலையை இன்னும் உருப்படியாகச் செய்யலாமே என்றுதான் மாலை வகுப்பில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். (கூட வேலை பார்த்த எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்பதும் ஒரு காரணம். கல்லூரியில் இடம் கேட்டு எழுதிய கட்டுரையில் அதைச் சேர்க்கவில்லை.) கம்பெனி ஒரு டாலர்கூடத் தரவில்லை. முழுக்க முழுக்க என் கைக்காசு.

நான் படிக்கிற செய்தி ஈரோட்டுக்குப் போன விதத்தைச் சொல்ல வேண்டும். சுமதி போனில் "எம்.பி.ஏ. படிக்கிறாரு" என்றாள். என் மாமியார் பக்கத்து வீட்டில் "மேனேஜருக்குப் படிக்கிறாரு" என்றார். பக்கத்து வீட்டம்மாள் பெருந்துறைக்கு ஒரு விசேஷத்துக்குப் போனபோது "படிக்கிறாரு" வழியில் விழுந்துவிட்டது. நான் மேனேஜரான விஷயமே எனக்குத் தாராபுரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் சொல்லித்தான் தெரியும். அவன் என்னிடம் வேலை கேட்டுப் போன் செய்திருந்தான்.

உண்மை நிலவரம் இதுதான். பட்டம் வந்த மறுநாள் என் மேலதிகாரி டெப்ராவின் அறைக்குப் போனேன். டெப்ரா எழுந்து கைகுலுக்கினார், ஒரு கப்கேக் கொடுத்தார், மேனேஜர் இடம் எதுவும் காலியில்லை, இனியும் காலியாகும் என்று தோன்றவில்லை என்றார். நான் கப்கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் பிரின்டருக்குப் பக்கத்தில் இருந்த அதே நாற்காலிக்குத் திரும்பினேன்.

அந்தச் சோகத்தில் இருந்தபோதுதான் முரளி வந்தான். எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தவன். டாக்ஸ், விசா, கார் இன்ஷூரன்ஸ், குழந்தையின் வயிற்று வலி, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். (பாதி சரியாக இருக்கும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.) வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்புப் படித்தால் அந்த ஃபீஸை வேலைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றான். ஒரே ஒரு நிபந்தனை. பார்க்கிற வேலையை இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகப் படித்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு உன்னைப் புதிய தொழில் ஒன்றுக்குத் தகுதியாக்கிவிட்டால் சலுகை கிடையாது.

"புரியல," என்றேன்.

"டேய், படிச்சதுனால நீ எங்கயும் போயிடக் கூடாது. இருந்த இடத்துலயே இருக்கணும். அவ்ளோதான்," என்றான் முரளி.

அப்படிப் பார்த்தால் நியூஜெர்சியிலேயே என்னைவிடத் தகுதியானவன் யாரும் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. முழு ஃபீஸையும் கழித்து ரிட்டர்ன் ஃபைல் பண்ணினேன். பணமும் வந்தது.

அடுத்த வசந்த காலத்தில் வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. படிப்புச் செலவைப் பற்றிச் சில கேள்விகள் இருக்கின்றன, ஆதாரங்களோடு நேரில் வரவும் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். மேல் மாடிக்கு ஓடினேன். முரளி கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். என் கிரீன் கார்டு அப்ளிகேஷன் அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. பொய்யாகச் சலுகை வாங்கியவன் என்று ஒரு வரி ஃபைலில் ஏறிவிட்டால் கிரீன் கார்டு அம்பேல், குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றான். எங்கள் வக்கீல் அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் செய்தார். ஆனால் வக்கீல் ஒரே வாக்கியத்தில் சொன்னார், முரளி அரை மணி நேரம் சொன்னான். நான் முரளியை நம்பினேன்.

எனவே நான் முன்னேறவில்லை என்பதற்கு ஆதாரம் திரட்ட ஆரம்பித்தேன். முதலில் டெப்ராவிடம் போனேன். எம்.பி.ஏ.வுக்கு முன்னால் செய்த வேலையைத்தான் இப்போதும் செய்கிறேன், மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒரு ஈமெயிலுக்குப் பதில் போட இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் டெப்ரா, நான் இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் எழுதி அனுப்பிவிட்டார். வேலை மாறவில்லை, மாறுகிற அறிகுறியும் இல்லை, எங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இவர் இதே இடத்தில்தான் இருப்பார் என்று நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. போதுமா, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக எழுதட்டுமா என்று அடியில் கேட்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்து மாமனார் வந்து சேர்ந்தார்.

நாச்சிமுத்து மாமாவுக்கு ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம். வடநாட்டு வியாபாரிகளிடமும் எக்ஸ்போர்ட்காரர்களிடமும் பேசிப் பேசியே ஆங்கிலம் கற்றவர். வினைச்சொற்கள் அவ்வளவாக இருக்காது, ஆனால் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும். கோடை விடுமுறைக்கு மகளையும் பேத்தியையும் பார்க்க வந்தவர், எடிசனில் நடந்து போய்ச் சேரக்கூடிய இடம் எதுவுமே இல்லை என்பதைக் கண்டுபிடித்து, பால்கனியில் உட்கார்ந்து போகிற வருகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். தினமும் சாப்பிடும்போது அவருக்கு ஒரு திட்டம் உதிக்கும். எம்.பி.ஏ.தான் முடித்தாயிற்றே, ஈரோட்டுப் பெட்ஷீட்டை இங்கே இறக்குமதி செய்து விற்கலாமே என்பார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மாமனாரிடம் மறுத்துப் பேச முடியுமா? தலையாட்டி வைப்பேன்.

வரி ஆபீஸுக்குப் போக வேண்டிய நாளில் சுமதிக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவைத் தனியாக விட்டுப் போகவும் பயம். அதற்கு முந்தைய வாரம்தான் அவர் தனியாக இருந்தபோது மிளகாய் தாளித்து, புகை அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டியே வந்து நின்றது. அவரானால் தானும் வருவதாகவே இருந்தார்.

"ஆபிசரப் பாக்கப் போறப்போ ஒண்டியாப் போகக் கூடாதுங்க மாப்ள. பெரியவங்க ஒருத்தரு கூட இருந்தாத்தான் நமக்கொரு மரியாதை," என்றார்.

அப்போதே உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? பெண் கொடுத்த மாமனாரிடம், நான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நிரூபிக்கத்தான் போகிறேன் மாமா, நீங்களும் வந்து பாருங்கள் என்றா? படிப்பு விஷயமாக ஒரு சின்ன வேலை என்று மட்டும் சொன்னேன். அந்த வயதில் எனக்கு மானம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

மாமா சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, காலில் சுமதி வாங்கிக் கொடுத்த ஓட்டப்பந்தய ஷூ என்று கிளம்பினார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. என் மனமெல்லாம் ஃபைலில் இருந்தது.

அரசாங்கக் கட்டடத்தின் வாசலில் மெட்டல் டிடெக்டர். நான் தாண்டிவிட்டேன். மாமா தாண்டியதும் அது கத்தியது. கைக்கடிகாரத்தைக் கழற்றினார், கத்தியது. மோதிரத்தைக் கழற்றினார், கத்தியது. காவலாளி பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். மாமா சட்டையைச் சற்றுத் தூக்கி, பெருமையாக, "நோ பெல்ட் சார். சில்வர்," என்றார். வெள்ளி அரைஞாண். பிறந்ததிலிருந்து ஆண்கள் இடுப்பில் கட்டிக்கொள்வது, கழற்றுகிற வழக்கமில்லை என்று நான் அந்தக் காவலாளிக்கு விளக்கினேன். அவர் இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டச் சொன்னார். மாமா காட்டினார். எங்கள் பின்னால் நின்ற வரிசையும் பார்த்தது. மஞ்சள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, துணிதான் என்று விட்டுவிட்டார்கள்.

எங்களைக் கூப்பிட்ட அதிகாரியின் பெயர் ஹென்லி. நல்ல உயரம், நரைத்த மீசை, நிதானமான குரல். கூட வந்திருப்பவர் யார் என்று கேட்டார். மாமனார் என்றேன். இருக்கலாம், ஆட்சேபணை இல்லை என்று சொல்லி நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்து ஃபைலைத் திறந்து தலை நிமிர்வதற்குள் மாமா மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தார். மஞ்சள் பையிலிருந்து ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றை உருவி, ஒரே உதறில் விரித்து, ஹென்லியின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார். பையின் அடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்துக் கும்பிட்டார். காமிராவைத் தேடுகிற மாதிரி என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அமெரிக்க அரசாங்க அதிகாரி ஒருவருக்கு, என் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால், பரிசு கொடுத்தாகிவிட்டது. லஞ்சம் என்ற சொல் என் மண்டைக்குள் பெரிய எழுத்தில் ஓடியது. கிரீன் கார்டு, அப்பார்ட்மெண்ட், மகளின் டேகேர் எல்லாம் வரிசையாக அதன் பின்னால் ஓடின. எங்கள் ஊர் வழக்கம், மரியாதை, வேறொன்றுமில்லை என்று நான் உளறினேன். ஹென்லி சிறிது நேரம் பொன்னாடையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அதை மெதுவாக எடுத்து மடித்து, பழத்தை அதன் மேல் வைத்து, மிக்க நன்றி, ஆனால் எங்கள் விதிப்படி இதை வாங்க முடியாது, போகும்போது எடுத்துச் செல்லுங்கள் என்றார். கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கேள்விகள் ஆரம்பமாயின. எம்.பி.ஏ.வுக்கு முன்னால் என்ன வேலை என்றார். சொன்னேன். இப்போது? அதேதான். மேனேஜர் பொறுப்பு ஏதாவது கிடைத்ததா? இல்லை. வேறு தொழிலுக்குப் போகிற எண்ணம் உண்டா? சுத்தமாக இல்லை. இதே இடத்தில்தான் இருப்பேன், இருந்துகொண்டே இருப்பேன் என்று டெப்ராவின் கடிதத்தை எடுத்து வைத்தேன். ஒத்திகை பார்த்த மாதிரியே எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"நோ சார்," என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"மை சன்-இன்-லா வெரி ஷை பாய் சார். டோன்ட் பிலீவ். ஹீ மேனேஜர். எம்.பி.ஏ. மேனேஜர். நெக்ஸ்ட் இயர் ஓன் கம்பெனி. பெட்ஷீட் இம்போர்ட். நியூ லைன் சார், டோட்டலி நியூ லைன்."

ஹென்லியின் பேனா நின்றது. "பெட்ஷீட்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். படிப்பு எதற்குப் பயன்பட்டால் சலுகை கிடையாதோ, அதை மாமா ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். முரளி நினைத்துப் பார்க்காத வழியில் என் கிரீன் கார்டு போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். ஹென்லி தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மாமாவை நிறுத்தினேன். இனிமேல் மானத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

"மாமா, நான் மேனேஜர் இல்லீங்க," என்றேன்.

"தெரியுமுங்க மாப்ள," என்றார் சாதாரணமாக. "மேனேஜரா இருந்தா ஆபீஸ்ல இருந்து போன் வந்தா நீங்க ஏன் எந்திரிச்சு நின்னு பேசறீங்க?"

தெரிந்துமா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"படிப்புக்குக் கவர்மெண்ட்டுல சலுகை குடுக்கறாங்கன்னு சுமதி சொன்னா. சலுகை குடுக்கறவன்கிட்ட நம்ம பையன் கெட்டிக்காரன்னு சொன்னாத்தானுங்களே குடுப்பான்? நீங்க என்னடான்னா உள்ள உக்காந்துட்டு அது இல்ல, இது இல்லங்கறீங்க. எனக்கு மனசு கேக்கல."

"இங்க அது தலைகீழுங்க மாமா. படிச்சும் நான் முன்னேறலைன்னு அவரு நம்பினாத்தான் சலுகை."

மாமா என்னையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. அவருடைய கல்யாண ஆல்பத்தில்கூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அட, இத மொதல்லயே சொல்றதில்லீங்களா? சேல்ஸ் டாக்ஸ் ஆபிசருகிட்ட முப்பது வருசமா நான் இதத்தானுங்களே பண்ணிட்டிருக்கறேன். யாவாரமே டல்லுங்க சாமி, கடையச் சாத்தப் போறேனுங்கன்னு. வாங்க, நான் பாத்துக்கறேன்."

வேண்டாம் மாமா, சும்மா இருந்தாலே போதும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். தோள்கள் சரிந்தன. வாசலில் வெள்ளி அரைஞாணைக் காட்டிய மனிதர் அங்கே இல்லை. மூன்று வருடம் மழை பார்க்காத ஊரிலிருந்து வந்தவர் ஒருவர் ஹென்லியின் முன்னால் நின்றார்.

"சாரி சார். ஐ டோல்ட் லை. ஃபேமிலி ப்ரெஸ்டீஜ். நவ் ட்ரூத் டெல்லிங்," என்றார். என்னை நோக்கிக் கையை நீட்டினார். "திஸ் மேன் நத்திங் சார். ஸ்மால் மேன். வெரி வெரி ஸ்மால் மேன்."

பெட்ஷீட் விஷயம் என்ன என்று ஹென்லி கேட்டார். அது தன்னுடைய ஆசை, மருமகன் மரியாதைக்குத் தலையாட்டியதோடு சரி, இவரை நம்பி ஒரு துண்டுகூடக் கொடுக்க மாட்டேன் என்று மாமா தெளிவுபடுத்தினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு வருடமாக மருமகன் என்ற மரியாதைக்காக உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வர வழி கிடைத்துவிட்டது. அவருடைய ஆங்கிலம் தீர்ந்துபோனது, சரக்கு தீரவில்லை.

"மாப்ள, நான் தமிழ்ல சொல்றேன். நீங்களே இங்கிலீசுல எடுத்துச் சொல்லுங்க," என்றார்.

என்னைப் பற்றிய குறைகளை நானே வரி அதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். பழைய கார் வாங்கப் போய், விற்பவன் கேட்ட விலையைக் கேட்டபடியே கொடுத்துவிட்டு, அவனுக்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்தவர் என்றேன். ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறிக் கடைக்கு அனுப்பினால் முற்றின முருங்கைக்காயாகப் பார்த்துப் பொறுக்கி வருவார் என்றேன். (முருங்கைக்காய் என்றால் என்ன என்று ஹென்லி கேட்டார். அதையும் விளக்கினேன்.) புத்தக அலமாரியைத் திருகு போட்டுப் பொருத்தினால் பின்பக்கம் முன்னால் வரும் என்றேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வராது, சொந்தக் கல்யாணத்தில் நன்றி சொல்லச் சொல்லி மைக்கைக் கொடுத்தபோது சும்மா பிடித்துக்கொண்டு நின்றார் என்றேன்.

"கால் நடுங்குனத உட்டுட்டீங்க," என்றார் மாமா. அந்த அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் புரியும்.

கால் நடுங்கியது என்றும் சேர்த்தேன். ஹென்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய மீசை லேசாக ஆடியது. ஆனாலும் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் நிறுத்தச் சொல்லலாம் என்று மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் மாறியிருந்தது.

"ஆனா ஒண்ணுங்க. இவரு வீட்டுக்கு வர்றதுக்குள்ள கொழந்த தூங்கிருமுன்னு எம்பொண்ணு போன்ல சொல்லுவா. தட்டக் கையில வெச்சுட்டு நின்னுக்கிட்டே புஸ்தகத்தப் பாத்துட்டுத் திம்பாராமா. சோறு ஆறிக் கெடக்குமாமா. இத்தன பாடுபட்டவருக்கு ஒரு நாக்காலியாச்சும் மாத்திப் போட்டுக் குடுத்திருக்கலாமுங்க."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. முடியவில்லை. என் படிப்பை யாராவது கவனித்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. எங்கோ ஈரோட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு இவர் கவனித்திருக்கிறார். ஹென்லி காத்திருந்தார். மாமா என்னைப் பார்த்துவிட்டு, பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

"ஹார்டு வொர்க் சார். ஃபுல் ஹார்டு வொர்க். ஒன்லி ரிசல்ட் நாட் கமிங்."

ஹென்லி ஃபைலை மூடினார். பிறகு மிகவும் பொறுமையாக எனக்கு ஒன்றை விளக்கினார். நான் மேனேஜர் ஆகியிருந்தால்கூட அவருக்குப் பிரச்சினை இல்லையாம். இருக்கிற தொழிலிலேயே மேலே போவது வேறு, படித்துவிட்டு முற்றிலும் வேறு தொழிலுக்குப் போவது வேறு. சட்டம் இரண்டாவதைத்தான் தடுக்கிறது. நான் செய்யும் வேலை என்ன, அதற்கு இந்தப் பாடங்கள் எப்படி உதவின என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. சலுகை செல்லும். இதற்கும் கிரீன் கார்டுக்கும் சம்பந்தமும் இல்லை. மீதியெல்லாம், என்று அவர் மாமாவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, தன் சொந்த மகிழ்ச்சிக்காகக் கேட்டு ரசித்ததாகச் சொன்னார்.

அதாவது கால் நடுங்கியதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

பொன்னாடையையும் எலுமிச்சம்பழத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். காரில் மாமா சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வந்தார். ஹென்லி சொன்னதை அவருக்குத் தமிழில் விவரமாகச் சொன்னேன். மேனேஜர் ஆனாலும் தப்பில்லையாம் மாமா, நாம் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். எந்த ஆபிசரும் போகிறபோது அப்படித்தான் பேச்சுக் கொடுப்பான், நாம் மேனேஜர்தான் என்று வாயை விட்டோமானால் அடுத்த வருடம் மறுபடியும் ஃபைலை எடுப்பான், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றார். நான் சட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினேன். அவர் தூங்கிவிட்டார்.

அன்று மாலை சுமதி வந்ததும் மாமா எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மூச்சு வந்த பிறகு, அப்பா சொன்னதில் எதுவும் பொய்யில்லையே என்றாள். மேல் மாடியிலிருந்து முரளி வந்தான். கிரீன் கார்டுக்கு ஒன்றும் ஆகாது என்று தான் முதலிலேயே சொன்னதாகச் சொல்லிவிட்டு இரண்டு தோசை சாப்பிட்டுப் போனான்.

2008இல் டெப்ரா வேறு கம்பெனிக்குப் போனார். அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள். கதவுள்ள அறை, பிரின்டர் எங்கோ தூரத்தில். முதல் போனை ஈரோட்டுக்குத்தான் போட்டேன்.

"மாமா, மேனேஜர் ஆயிட்டேனுங்க."

அந்தப் பக்கம் கடைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மாமாவின் குரல் தணிந்து வந்தது.

"ரொம்ப சந்தோசமுங்க மாப்ள. எனக்குத் தெரியும், ஆவீங்கன்னு." அடுத்த மூச்சிலேயே கேட்டார், "வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"கம்முனு இருங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பெருந்துறையில் நான் மேனேஜர் என்ற பேச்சை அவரே ஆள் ஆளாகப் போய் அழித்தார். யார் விசாரித்தாலும், என்னத்தச் சொல்றதுங்க, அதே நாக்காலிதான் என்று துண்டை அக்குளில் இடுக்கிக்கொள்வார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், அந்த ஃபைலெல்லாம் எப்போதோ மூடியாயிற்று மாமா என்று. ஃபைல் மூடாதுங்க மாப்ள என்பார்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது ஒரு கல்யாணம். எனக்குக் கீழே இப்போது ஒரு பிரிவே வேலை பார்க்கிறது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், இலை போட்டதிலிருந்து என்னைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மனசை விட்டுவிடக் கூடாது, எல்லோருக்கும் ஒரு காலம் வரும், அங்கே சரிப்பட்டு வராவிட்டால் கூச்சப்படாமல் திரும்பி வந்துவிட வேண்டும், பெருந்துறையில் தன் மில்லில் ஸ்டோர் கணக்குப் பார்க்க ஒரு ஆள் தேவைப்படுகிறது என்றார். நன்றி சொன்னேன், யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுபக்கம் உட்கார்ந்திருந்த மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மெல்ல என் காதுப் பக்கம் சாய்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

"பாத்தீங்களா மாப்ள," என்றார், "ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல."